இரண்டு பல் குறைந்தபோது

(டென்வரில், கேம்பர் இழுத்துச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் கூடியிருந்தபோது ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேசைமேல் இரண்டு இரும்பு வைத்திருக்கிறேன். நான் பேசப் பேச இவற்றைக் கைமாற்றிப் பாருங்கள். கனமாக இருக்கும், குழந்தைகளிடம் கொடுக்க வேண்டாம். தட்டுப்போல் வட்டமாக, ஒரு முகம் முழுக்க வளைந்த பற்களோடு இருப்பது கிரவுன். கைப்பிடி வைத்த மொக்குப்போல் இருப்பது பினியன். நம் ஊர் லாரிப் பட்டறைகளில் இரண்டையும் பிரித்துச் சொல்லவே மாட்டார்கள், 'கிரவுன் பினியன்' என்று ஒரே மூச்சில்தான் வரும். அப்படிச் சொல்வது எவ்வளவு சரி என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இவை என் பிக்கப்பின் பின் ஆக்சிலிலிருந்து கழற்றியவை. கிரவுனில் 41 பல், பினியனில் 12. 41ஐ 12ஆல் வகுத்தால் 3.42. வண்டியின் காகிதங்களில் ஆக்சில் ரேஷியோ என்று போட்டிருக்கும் எண் இதுதான். கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்கு வரும் தண்டு 3.42 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். இப்போது என் வண்டிக்குள் இருப்பது 41க்கு 10, அதாவது 4.10. கிரவுனின் பல் எண்ணிக்கை மாறவில்லை. பினியனில் இரண்டு பல் குறைந்தது, அவ்வளவுதான். அந்த இரண்டு பல்லைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

என் பிக்கப் பழையது. வி-8 எஞ்சின், நான்கு கியர் ஆட்டோமேட்டிக், பின்சக்கர இயக்கம். வெறும் வண்டியாக ஓட்டிய காலத்தில் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பிறகு கேம்பர் வாங்கினோம். தண்ணீர், பாத்திரம், பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் ஏற்றினால் 6,000 பவுண்டு, நம் கணக்கில் 2,700 கிலோவுக்குச் சற்று மேல். அதை மாட்டிக்கொண்டு ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே போய்த் திரும்பிய முதல் பயணத்தை என்னால் மறக்க முடியாது. திரும்பும் வழியில் டில்லன் ஊரைத் தாண்டியதும் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைவரை ஒரே ஏற்றம். இங்கிருக்கும் எல்லோருக்கும் அந்த ஏற்றம் தெரியும். சுரங்கத்தின் மேற்கு வாயில் கடல்மட்டத்திலிருந்து 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. வண்டி மூன்றாவது கியருக்குப் போகும், திணறும், இரண்டுக்கு விழும், எஞ்சின் கத்தும், கொஞ்சம் வேகம் பிடித்ததும் மறுபடி மூன்றுக்குத் தாவும். மேலே போய்ச் சேரும்வரை இதே கதை. என் மனைவி கைப்பிடியைப் பிடித்த பிடியை விடவே இல்லை. வீட்டுக்கு வந்து கியர்பாக்ஸ் ஆயிலின் அளவுகோலை உருவிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் பழுப்பாகி, தீய்ந்த நாற்றம் அடித்தது.

எஞ்சின் போதவில்லை என்றுதான் அன்று நினைத்தேன். நான் படித்ததே இயந்திரவியல், ஆனாலும் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது. கணக்கைச் சொல்கிறேன், பயப்பட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும்தான்.

என் டயரின் விட்டம் 31.6 அங்குலம். 65 மைல் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 690 முறை சுற்றும். நான்காவது கியரின் விகிதம் 0.70. ஆக 690ஐ 3.42ஆல் பெருக்கி, 0.70ஆல் பெருக்கினால், எஞ்சின் சுழல்வது 1,650 ஆர்.பி.எம். மூன்றாவது கியர் நேரடி, ஒன்றுக்கு ஒன்று. அதில் 2,360. என் எஞ்சின் முழு முறுக்குவிசையையும் தருவது 4,000 ஆர்.பி.எம்.மை நெருங்கும்போது. கேம்பரின் முகம் சுவர்போல் எதிர்காற்றைத் தடுக்கிறது. அந்தச் சுவரைத் தள்ளிக்கொண்டு போகும் வேலையை, 1,650இல் அரைத்தூக்கத்தில் இருக்கும் எஞ்சினிடம் கேட்டிருக்கிறேன். சமதரையிலேயே அது கியரை மாற்றி மாற்றித் தேடியதில் என்ன வியப்பு?

மலையில் இன்னும் தெளிவாகத் தெரியும். வண்டியும் கேம்பரும் சேர்ந்து 12,000 பவுண்டு என்று வையுங்கள். 7 சதவீத ஏற்றத்தில் 40 மைல் வேகத்தில் இதை மேலே தூக்க மட்டுமே ஏறத்தாழ 90 குதிரைத்திறன் வேண்டும். காற்றையும் டயர் உருளும் தடையையும் அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் 3 சதவீதம் அளவில் பலம் இழக்கும். சுரங்கப்பாதை வாயிலில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. குதிரைத்திறன் என்பது முறுக்குவிசையையும் சுழல் வேகத்தையும் பெருக்கி வருவது. முறுக்குவிசையை மெல்லிய காற்று தின்றுவிட்டது. மீதமிருக்கும் ஒரே வழி சுழல் வேகம். 40 மைலில் இரண்டாவது கியரில் என் பழைய பற்களோடு எஞ்சின் சுழன்றது 2,370. புதிய பற்களோடு 2,840. அதே எஞ்சின், அதே கியர், அதே சாலை. பலம் எஞ்சினுக்குள் ஏற்கெனவே இருந்தது, அது இருக்கும் இடத்துக்கு நான்தான் எஞ்சினைப் போகவிடவில்லை.

கியர்களை ஓர் ஏணியின் படிகளாக நினைத்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸ் படிகளுக்கு இடையே உள்ள தூரத்தைத் தீர்மானிக்கிறது. ஆக்சில் ரேஷியோ ஏணி முழுவதையும் மேலேயோ கீழேயோ நகர்த்துகிறது. என் கியர்பாக்ஸின் படிகள் 3.06, 1.63, 1.00, 0.70. ஒவ்வொன்றுக்கும் இடையே பெரிய தாவல். காலை எங்கே வைத்தாலும் ஒன்று பள்ளம், ஒன்று உச்சி. அத்தகைய ஏணியை 20 சதவீதம் நகர்த்தியதும், நான் நிற்க வேண்டிய உயரத்தில் ஒரு படி வந்து அமைந்தது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவதை இப்போது சொல்கிறேன். வண்டியை முன்னே தள்ளும் விசை ஒரே அளவுதான் என்றால், ஆக்சிலில் பெருக்கம் கூடினால் அதற்கு முன்னால் இருக்கும் எல்லாவற்றின் சுமையும் குறைய வேண்டும். 3.42ஐ 4.10ஆல் வகுத்துப் பாருங்கள். சக்கரத்தில் அதே தள்ளுவிசையைப் பெற, புரொப்பெல்லர் ஷாஃப்டும் கியர்பாக்ஸும் சுமக்க வேண்டிய முறுக்கு 17 சதவீதம் குறைகிறது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியே இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் பூட்டிக்கொண்டு நிற்கும் நேரம் கூடுகிறது. அது பூட்டாமல் வழுக்கும்போதுதான் எண்ணெய் கொதிக்கிறது. மலை ஏறும் வேகத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் காசு கொடுத்து வாங்கியது வேகம் அல்ல, கியர்பாக்ஸின் ஆயுள்.

அப்படியானால் தொழிற்சாலையே 10 பல் பினியனைப் போட்டு அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பலர் அப்படிக் கேட்டுத்தான் வாங்கினார்கள். ஒரே பிக்கப்புக்கு 3.42, 3.73, 4.10 என்று மூன்று தேர்வுகள் இருந்தன, மூன்றுக்கும் தனித்தனி இழுவை எடை பட்டியலில் இருந்தது. ஆனால் கடை வாசலில் நிற்கும் பெரும்பாலான வண்டிகளில் உயரமான ரேஷியோதான், அதாவது சிறிய எண்தான் இருக்கும். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1975இல் அமெரிக்காவில் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தது. 1979 மாடல் ஆண்டிலிருந்து இலகு டிரக்குகளுக்கும் அளவுகோல் வைத்தார்கள். எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் எரிபொருள் மிச்சம். வாரம் முழுக்க வெறும் வண்டியாக வேலைக்குப் போய்வருபவருக்கு அது நியாயமான ஏற்பாடு, அதை நான் குறை சொல்லவில்லை. கேம்பர் மாட்டியவுடன் நாம் வேறு வாடிக்கையாளர் ஆகிவிடுகிறோம்.

இன்னொன்றும் நடக்கிறது. வண்டி கம்பீரமாகத் தெரிய வேண்டும் என்று 35 அங்குல டயர் போட்டுக்கொள்கிறார்கள். 31.6 அங்குலத்தில் 3.42ஆக இருந்தது, 35 அங்குலத்தில் நடைமுறையில் 3.09 ஆகிவிடும். யாரும் பற்களைத் தொடவில்லை, ஆனாலும் ஏணி கீழே இறங்கிவிட்டது. பழைய நிலைக்குத் திரும்பவே 3.8 அளவில் ரேஷியோ வேண்டும். பழைய வண்டி வாங்கும்போது, கதவோரச் சீட்டில் எழுதியிருக்கும் டயர் அளவும் வண்டியில் மாட்டியிருக்கும் டயரும் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள்.

இந்தப் பற்களின் வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச ஆசை, பொறுத்துக்கொள்ளுங்கள். பினியன் கிரவுனின் நடுக்கோட்டில் வந்து சேர்வதில்லை, அதற்குக் கீழே தாழ்ந்து சேர்கிறது. இதற்கு ஹைப்பாய்டு என்று பெயர். 1920களில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில், கிளீசன் நிறுவனத்தில் பணியாற்றிய எர்னஸ்ட் வில்ட்ஹாபர் உருவாக்கிய அமைப்பு. அந்தப் பத்தாண்டிலேயே பாக்கார்டு கார்களில் வந்தது. தண்டு தாழ்ந்ததால் காரின் தரையும் தாழ்ந்தது, பற்களும் ஓசையில்லாமல் சேர்ந்தன. ஆனால் இந்தப் பற்கள் உருள்வதோடு ஒன்றின்மேல் ஒன்று அழுத்தி வழுக்கவும் செய்கின்றன. அதனால்தான் ஆக்சிலுக்குக் கந்தகம் கலந்த தனி எண்ணெய். ஒருமுறை அந்த நாற்றம் கையில் பட்டால் மூன்று நாள் போகாது.

அந்தக் கிளீசன் குடும்பத்துப் பெண் கேட் கிளீசனை இங்கிருக்கும் பெண்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அப்பா வில்லியம் 1874இல் சாய்பல் சக்கரம் வெட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். மகள் சிறுவயதிலேயே பட்டறைக் கணக்கெழுத வந்தாள், 1884இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படிக்கப் போனாள், பட்டறையின் நெருக்கடியால் பாதியில் திரும்பினாள். பிறகு பல்சக்கர இயந்திரங்களை ஊர் ஊராகவும் கடல் கடந்தும் விற்றவள் அவள்தான். 1914இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் அவளை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தின் பொறியியல் கல்லூரி இன்று அவள் பெயரைத் தாங்கி நிற்கிறது. உங்கள் மகள் பட்டறைக்குள் வந்து நின்றால் 'கறை படும், உள்ளே போ' என்று விரட்டாதீர்கள்.

வேலைக்கு வருவோம். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தி, ஒரே எண் பொறித்து, ஜோடியாக வருபவை. ஜோடியைப் பிரித்து வேறொன்றோடு சேர்த்தால் அன்றிலிருந்தே ஊளையிடும். பட்டறைக்காரர்கள் ஒரே மூச்சில் சொல்வது சரிதான் என்றது இதனால்தான்.

பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் முடிந்தது என்று நினைப்பவர்கள் ஆக்சில் வேலையைக் கண்ணால் பார்க்காதவர்கள். பினியன் எவ்வளவு ஆழம் உள்ளே இருக்க வேண்டும் என்பதைக் காகிதம்போல் மெல்லிய ஷிம்களை வைத்தும் எடுத்தும் அமைக்க வேண்டும். இரு பற்களுக்கும் இடையே ஆட்டம் இருக்க வேண்டும், பேக்லாஷ் என்பது அது. பல ஆக்சில்களுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் 6 முதல் 10 பங்குவரை. மில்லிமீட்டரில் சொன்னால் 0.15 முதல் 0.25. கண்ணால் தெரியாது, டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். பினியன் பேரிங்குகளுக்கு இடையே நசுங்கும் குழாய் ஒன்று இருக்கிறது. நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கி, பேரிங்குக்கு உரிய இறுக்கத்தைத் தரும். ஒரு கால் சுற்று அதிகம் போய்விட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது, குழாயைத் தூக்கிப்போட்டுப் புதிது வைக்க வேண்டும். கடைசியில் பற்களில் மஞ்சள் மை தடவி, சக்கரத்தைச் சுழற்றி, மை எங்கே அழிகிறது என்று பார்ப்பார்கள். பல்லின் நடுவில் அழிந்தால் சரி. நுனியிலோ வேரிலோ அழிந்தால் மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும்.

எனக்கு முதலில் வேலை செய்துகொடுத்த பட்டறை அந்த மையைத் தடவவே இல்லை. காலையில் விட்டு மாலையில் எடுத்தேன், விலையும் குறைவு. 50 மைலைத் தொட்டதும் பின்னாலிருந்து மெல்லிய ஊளை. 'புதுப்பல், பழகிவிடும்' என்றார்கள். எனக்கும் கேட்கக் கூடாது என்றிருந்தது, கேட்காததுபோல் ஓட்டினேன். ஒரு மாதம் கழித்து மூடியைத் திறந்தால் எண்ணெயில் வெள்ளித்தூள் மின்னியது. ஜோடி பாழ். இரண்டாவது முறை, வாழ்நாள் முழுக்க ஆக்சில் மட்டுமே செய்த ஒரு முதியவரிடம் போனேன். அவர் பினியனை நான்கு முறை உள்ளே வைத்து வெளியே எடுத்தார். ஒவ்வொரு முறையும் மை தடவி என்னை அழைத்துக் காட்டினார். இரண்டு நாள் ஆயிற்று. பற்களின் விலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கூலியில் பேரம் பேச வேண்டிய வேலை இது அல்ல என்று அங்கே நின்றபோது எனக்குப் புரிந்தது.

அவர் வண்டியைத் திருப்பித் தரும்போது சொன்ன பத்தியத்தை அப்படியே கடைப்பிடித்தேன். முதல் ஓட்டம் 15, 20 மைல், பிறகு கை வைத்துத் தொடும் அளவுக்கு ஆறவிட வேண்டும். முதல் 500 மைல் கேம்பரை மாட்டவே கூடாது. 500 மைல் ஆனதும் எண்ணெயை மாற்ற வேண்டும். புதுப் பற்கள் ஒன்றையொன்று மெருகேற்றிக்கொள்ளும்போது வரும் வெப்பத்தில் சுமையும் சேர்ந்தால் உருக்கின் கடினமே போய்விடும்.

நான்கு சக்கர இயக்கம் வைத்திருப்பவர்கள் முன் ஆக்சிலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். முன்னும் பின்னும் வேறு வேறு ரேஷியோவில் இருக்க, உலர்ந்த சாலையில் நான்கு சக்கரத்தையும் பூட்டினால் ஏதோ ஒன்று உடையும். செலவு ஏறத்தாழ இரட்டிப்பு. இன்னொரு சங்கதி: சில ஆக்சில்களில் கிரவுனைத் தாங்கும் கேரியரே இரண்டு வகை. டானா 44 என்ற ஆக்சிலில் 3.73வரை ஒன்று, 3.92 முதல் வேறொன்று. முன்கூட்டியே கேட்டுக்கொள்ளாவிட்டால் பாதி வேலையில் இன்னொரு பில் வரும். பழைய வண்டிகளை உடைக்கும் இடங்களில், வேண்டிய ரேஷியோவோடு முழு ஆக்சிலே கிடைப்பதும் உண்டு. தொழிற்சாலை பொருத்திய பற்கள், அகலமும் பிரேக்கும் ஒத்துப்போனால் அதுவே நல்ல வழி.

வேகமானியை மறந்துவிடாதீர்கள். என் வண்டி வேகத்தை அளப்பது கியர்பாக்ஸின் வாலில். பற்கள் மாறியது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. 65இல் போனால் 78 என்று காட்டியது. கியர் மாற வேண்டிய நேரமும் அதனால் தப்பும். புதிய ரேஷியோவை அதற்குச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பற்களை மாற்றியதால் உங்கள் வண்டி இன்னும் பெரிய கேம்பரை இழுக்கத் தகுதி பெறாது. பிரேக் அதேதான், ஸ்பிரிங் அதேதான், சட்டமும் ரேடியேட்டரும் அவையேதான். இழுக்கும் கேம்பரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின்மேல் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் அது பாம்புபோல் ஆடும். 6,000 பவுண்டுக்கு அது 600 முதல் 900 பவுண்டு. அந்த எடை, கதவோர மஞ்சள் சீட்டில் எழுதியிருக்கும் சுமைக்குள் அடங்க வேண்டும், உங்கள் குடும்பத்தின் எடையோடு சேர்த்து. நம்மில் பலருக்கு இழுவை எடைக்கு முன்பே இந்தக் கணக்குத்தான் இடிக்கும். அதைப் பினியனால் தீர்க்க முடியாது.

இழுவை எடைக்கு ஒரு பொது அளவுகோல் இருக்கிறது, எஸ்.ஏ.இ. ஜே2807. அரிசோனாவில் புல்ஹெட் சிட்டிக்கு மேலே ஏறும் டேவிஸ் டாம் சாலையை வைத்து அமைத்தது. 11 மைலுக்குச் சற்றுமேல் தொடர் ஏற்றம், 3,000 அடி உயரம், 100 டிகிரி பாரன்ஹீட் வெயில், ஏ.சி. முழு வேகத்தில். பின்னால் ஒற்றைச் சக்கரம் கொண்ட பிக்கப், சொன்ன எடையோடு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். கவனியுங்கள், 40 மைல். முழுச் சுமையோடு மலையில் 65இல் பறக்க வேண்டும் என்று வண்டி செய்தவர்களே எதிர்பார்ப்பதில்லை. வலது ஓரத்தில் 40இல் ஏறுவதற்கு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை.

புதிதாக வாங்கியவர்களுக்கு, 8 அல்லது 10 கியர் வண்டி என்றால், பெரும்பாலும் பற்களைத் தொட வேண்டாம் என்பேன். 2017 முதல் வரும் பத்து கியர் பெட்டியில் முதல் படி 4.70, கடைசி 0.64, நடுவில் படிகள் நெருக்கம். எஞ்சினுக்கு வேண்டிய இடத்தை அதுவே தேடிக்கொள்ளும். இழுவைக்கென்று இருக்கும் டோ/ஹால் பொத்தானை அமுக்கிவிட்டுப் போங்கள். என்னைப்போல் பழைய நான்கு கியர் வண்டியை வைத்துக்கொண்டு, அதை விற்க மனமில்லாமல், ஆண்டுக்கு நான்கைந்து முறை மலைக்குப் போகிறவர்களுக்கு இது நல்ல வைத்தியம். வெறும் வண்டியாக ஓட்டும்போது பெட்ரோல் கொஞ்சம் கூடத்தான் செய்யும். அதைத் தெரிந்துதான் செய்தேன்.

போன கோடையில் அதே டில்லன் ஏற்றத்தில் வந்தேன். கையாலேயே இரண்டாவது கியரில் வைத்தேன். வேகம் 40ஐவிட்டு இறங்கவில்லை, கியரும் ஒருமுறைகூடத் தாவவில்லை. சுரங்கத்தைத் தாண்டி இறக்கத்தில்தான் எனக்கு அதிக நிம்மதி. காலை எடுத்தாலே எஞ்சின் முன்னைவிட இறுக்கிப் பிடித்தது, பிரேக்கை அவ்வப்போது மட்டும் தொட்டேன். என் மனைவி ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

உங்கள் வண்டியில் என்ன ரேஷியோ என்று தெரியாவிட்டால் சீட்டைத் தேட வேண்டாம், எண்ணிப் பார்க்கலாம். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் என் பிக்கப்பின் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தியிருக்கிறேன். கியர் நியூட்ரலில். தண்டில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். ஒரு சக்கரம் தரையில் இருப்பதால், தூக்கிய சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று சுற்றும். ஒருவர் சக்கரத்தைச் சுற்றட்டும், ஒருவர் பக்கவாட்டில் குனிந்து கோட்டை எண்ணட்டும். நான்கு முழுச் சுற்று வந்து, கோடு கொஞ்சம் தாண்டி நிற்கும். அந்தக் கொஞ்சம்தான் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் பத்து. வாருங்கள், இருட்டுவதற்குள் இறங்கிப் போய் எண்ணுவோம்.